சாணியைப் பார்த்த விஞ்ஞானி

மாட்டுல உண்ணி ஏறினா மருந்து அடிக்கணும். சாகலைன்னா? இன்னும் வீரியமான மருந்து. அதுக்கும் சாகலைன்னா?

இந்தக் கேள்வியோட ஆஸ்திரேலியாக்காரங்க நூறு வருஷத்துக்கும் மேலா மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க. 1872-ல் கப்பல்ல வந்த மாடுகளோட டார்வின்ல இறங்கின உண்ணி அது. முதல்ல ஆர்சனிக் கரைச்ச தொட்டியில மாட்டை முக்கி எடுத்தாங்க. 1930கள் முடியறதுக்குள்ள உண்ணி அதைத் தாங்கப் பழகிடுச்சு. அடுத்து வந்த டிடிடி 1950கள்ல தோத்தது. 1960கள்ல ஆர்கனோபாஸ்பேட், 1980கள்ல பைரித்ராய்டு, எல்லாத்துக்கும் அதே கதை. ஒரு பெண் உண்ணி ஏறக்குறைய 3000 முட்டை போடும். மருந்தைத் தாங்குற நாலு தப்பிச்சாலே போதும், அடுத்த தலைமுறை அதுங்க வாரிசுதான்.

உண்ணி மாதிரியே இன்னொரு தலைவலி எருமை ஈ. (பேர்தான் எருமை, மாட்டையும் விடாது!) ராவும் பகலும் மாட்டு மேலேயே உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். முட்டை போட மட்டும், சுடச்சுட விழுந்த சாணிக்கு இறங்கி வரும்.

அந்தச் சாணியைப் பார்த்தவர்தான் ஜார்ஜ் போர்னமிஸ்ஸா. ஹங்கேரியில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பூச்சியியல் விஞ்ஞானி. மேய்ச்சல் நிலம் முழுக்கச் சாணி காய்ஞ்சு வட்டு வட்டாக் கிடக்குதே, இதைப் புதைக்கிற வண்டு எங்கேன்னு கேட்டார். அந்த ஊர் வண்டுகள் கங்காரு புழுக்கைக்குப் பழகினவை. 1788-ல் வந்திறங்கிய மாட்டோட ஈரச் சாணி அதுங்களுக்கு ஒத்துவரல. ஆக, சாணி ஈக்களோட தொட்டிலாச்சு.

சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்துல அவர் தொடங்கி வைச்ச திட்டம் 1965லிருந்து 1985 வரை நடந்தது. ஆப்பிரிக்கா, ஐரோப்பாவிலிருந்து கொண்டு வந்த சாண வண்டுகள்ல 43 வகையைத் திறந்துவிட்டாங்க, 23 வகை வேரூன்றிடுச்சு. முகத்துல மொய்க்கிற புஷ் ஈ பல இடங்கள்ல குறைஞ்சது. எருமை ஈ முழுசா ஒழியலைங்கிறதையும் சொல்லிடணும்.

இப்ப என் ஆதங்கத்துக்கு வர்றேன். 1980கள்ல ஐவர்மெக்டின் கால்நடைக்கு வந்தது. அருமையான மருந்து. கண்டுபிடிச்ச கேம்பெல், ஒமுரா ரெண்டு பேருக்கும் 2015-ல் நோபல் கிடைச்சது நியாயம்தான். ஆனா அது சாணி வழியாத்தான் வெளியே போகுது. வயித்துக்குள்ள தங்கி மெதுவா ஐவர்மெக்டினை விடுற மாத்திரை கொடுத்த மாடுகளோட சாணியை வால், ஸ்ட்ராங்னு ரெண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஆராய்ஞ்சு 1987-ல் எழுதினாங்க: வண்டுப் புழுக்கள் இல்லை, சாணி மக்கவே மாட்டேங்குது. மாட்டு முதுகில் ஊத்துற டெல்டாமெத்ரின் மாதிரி சில பைரித்ராய்டுகளும் சாணியில் கலந்து வண்டைக் கொல்லும். அதாவது, ஈயைக் கொல்ல ஊத்தின மருந்து, ஈயோட தொட்டிலைக் கலைக்கிற வண்டையும் சேர்த்துக் கொல்லுது!

மருந்தே வேண்டாம்னு சொல்றது பேத்தல். உண்ணிக் காய்ச்சல்ல மாடு செத்தா, ஒத்தை மாட்டை வச்சிருக்கிறவன் என்ன செய்வான்? என் சண்டை, தேவை இருக்கோ இல்லையோ காலண்டர் பார்த்து மருந்து ஊத்துற வழக்கத்தோடதான். வேற வழிகளும் இருக்கு. 1994-ல் ஆஸ்திரேலியாவிலேயே உண்ணிக்குத் தடுப்பூசி வந்தது. நம்ம ஊர்த் திமில் மாடுகள்லேருந்து உருவான பிராமன் இனத்தை, உண்ணியைத் தாங்கும்னுதான் 1933லிருந்து அங்கே வளர்க்கிறாங்க. நாமளோ சீமை மாட்டுக் கலப்பினத்தை வாங்கிக் கட்டிட்டு, உண்ணி ஏறுதுன்னு ஸ்பிரேயரைத் தூக்கிட்டு அலையறோம்.

மருந்தை விக்க ஆள் வீடு தேடி வரும். வண்டைக் காப்பாத்துன்னு சொல்ல யாரும் வரமாட்டாங்க, அதுல கமிஷன் கிடையாதே :-) அதனால நாமதான் பார்க்கணும். அடுத்த தடவை மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி, தொழுவத்துக்கு வெளியே கிடக்கிற சாணியைக் குச்சியால ஒரு கிளறு கிளறிப் பாருங்க. வண்டு இருந்தா, உங்களுக்குச் சம்பளமில்லாத வேலைக்காரங்க இருக்காங்கன்னு அர்த்தம். அவங்களையும் மனசுல வச்சுக்கிட்டு மருந்து பாட்டிலைத் திறங்க.