விளையாட்டா, கேளிக்கையா?

இந்தியாவில் ஃபார்முலா ஒன் ரேஸ் நடந்தது மொத்தம் மூணே தடவை: 2011, 2012, 2013. இடம், கிரேட்டர் நொய்டாவில் இருக்கிற புத் சர்க்யூட். மூணு தடவையும் ஜெயிச்சது செபாஸ்டியன் வெட்டல். 2014 காலண்டரில் இந்தியன் கிராண்ட் ப்ரீ பேரே இல்ல.

ஏன் நின்னுச்சுன்னு கேட்டா, "இங்க கிரிக்கெட்டைத் தவிர எதுவும் ஓடாது பாஸ்"னு சுலபமா சொல்லிடறாங்க. முதல் வருஷக் கூட்டம் அப்புறம் வரல, உண்மைதான். ஆனா அது மட்டுமே காரணம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

டிராக்கில் பெரிய குறை இல்ல. ஹெர்மன் டில்கே வடிவமைச்ச அதோட ஏற்ற இறக்கங்களை டிரைவர்களே பாராட்டினாங்க. சிக்கல் ஃபைலில் இருந்துச்சு.

2009லயே மத்திய விளையாட்டு அமைச்சகம், இது விளையாட்டு இல்ல, கேளிக்கைன்னு சொல்லிடுச்சு. உத்தரப் பிரதேச அரசோ கேளிக்கை வரியில் சலுகை கொடுத்தது. அதை எதிர்த்து வழக்கு வந்ததும், டிக்கெட் வசூலில் 25 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போடச் சொன்னது உச்ச நீதிமன்றம். அப்போ முதல் ரேஸுக்கு பத்து நாள்கூட முழுசா இல்ல! இன்னொரு பக்கம், ஒரு வாரம் ஓடிட்டு திரும்பிப் போகப்போற கார், இன்ஜின், டயருக்கெல்லாம் சுங்கத் தலைவலி.

வருமான வரியும் சேர்ந்துகிச்சு. இந்த ரேஸில் கிடைச்ச வருமானத்துக்கு ஃபார்முலா ஒன் நிறுவனம் இங்கே வரி கட்டணும்னு தீர்ப்பு வந்தது 2017ல. அதாவது, கடைசி ரேஸ் முடிஞ்சு சுமார் மூணரை வருஷம் கழிச்சு.

வரி கேட்டது தப்பே இல்ல. இங்க சம்பாதிச்சா இங்க கட்டணும். எவ்வளவு, யாருக்குன்னு தார் போடறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், அவ்வளவுதான். டிசைனை ஃப்ரீஸ் பண்ணாம ப்ரொடக்‌ஷன் ஆரம்பிச்சா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா?

இதில் நமக்கு என்ன நஷ்டம்னு கேக்கலாம். 2011 ரேஸில் ஓடின நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். அதே ஊரின் கரி ஸ்பீட்வேயில்தான் ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர்கள் தாங்களே கட்டின காரைக் கொண்டு வர்றாங்க. ஒரு ரேஸ் டீமில் டிரைவர் ரெண்டு பேர், இன்ஜினியர்கள் நூத்துக்கணக்கில். அந்த வேலையைப் பக்கத்தில் நின்னு பார்க்கிற வாய்ப்புதான் போச்சு.

2023ல மோட்டோஜிபி அதே டிராக்குக்கு வந்து, அடுத்த வருஷமே வராம நின்னுச்சு. ஃபார்முலா ஒன் திரும்ப வருதுன்னு இனி யாராவது சொன்னா, டிக்கெட் விலையை அப்புறம் கேளுங்க. விளையாட்டா, கேளிக்கையான்னு முடிவு பண்ணிட்டாங்களான்னு முதல்ல கேளுங்க.