சாக்லேட் தின்றால் இளைக்கலாமாம்!

"விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்று தலைப்பில் போட்டுவிட்டால் போதும், கீழே எதை எழுதினாலும் ஜனங்கள் நம்பிவிடுவார்கள் என்பது பல பத்திரிகைகளின் நினைப்பு. 2015-ல் அந்த நினைப்பு சந்தி சிரித்தது.

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுபவர்கள் தினமும் கொஞ்சம் டார்க் சாக்லேட்டும் தின்றால், எடை 10 சதவீதம் வேகமாகக் குறையும் என்றது ஓர் ஆய்வு. ஜெர்மனியின் 'பில்ட்' நாளிதழ் முதல் பக்கத்திலேயே போட்டது. செய்தி பல நாடுகளுக்கும் பரவியது. பிறகுதான் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் வாயைத் திறந்தார். பத்திரிகைகள் எவ்வளவு சுலபமாக ஏமாறும் என்று காட்டவே செய்த வேலையாம் அது!

சோதனை நடந்தது நிஜம். ஆனால் கணக்கில் வந்தவர்கள் வெறும் 15 பேர். அவர்களிடம் எடை, கொலஸ்ட்ரால், தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார்கள். ஒவ்வொன்றிலும் தற்செயலாக ஏமாற 5 சதவீத வாய்ப்பு என்றால், பதினெட்டில் ஒன்றிலாவது ஏமாற ஏறக்குறைய 60 சதவீத வாய்ப்பு! பதினெட்டு கல் எறிந்தால் ஒரு மாங்காயாவது விழாதா? விழுந்த மாங்காய்தான் தலைப்புச் செய்தி.

"எத்தனை பேரை வைத்துச் சோதித்தீர்கள்?" இந்த ஒரு கேள்வியை அழுத்திக் கேட்டிருந்தால் குட்டு அன்றே உடைந்திருக்கும். இதையெல்லாம் நம்பி மாத்திரையைக் குறைத்து, சாக்லேட்டைக் கூட்டும் சர்க்கரை நோயாளிக்கு யார் பதில் சொல்வது?

"ஆய்வில் தகவல்" என்று படித்தால் முதலில் தேடவேண்டியது அந்த எண்ணைத்தான். அது இல்லையென்றால், செய்தியே இல்லை.