அரிசி கேட்காத கேள்வி

தம்பி!

திண்டுக்கல் பூட்டை நீ அறிவாய். மாங்காய் வடிவில் தகடு வெட்டி, உள்ளே லீவர் பொருத்தி, அரம் கொண்டு அராவி அராவி உருவாக்கப்படும் பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு தந்தார்கள், பெருமைதான்! ஊரார் பெட்டகங்களுக்கெல்லாம் காவல் செய்து கொடுத்தவன் வீட்டிலே பூட்டி வைக்க என்ன இருக்கிறது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

சென்ற மாதம் பட்டறைகள் நிறைந்த தெரு ஒன்றில், ரேஷன் கடை வாசலிலே நின்றிருந்தேன். நாற்பதாண்டு அரம் பிடித்த பெரியவர் ஒருவர். 2020 அக்டோபர் முதல் நம் நாட்டுக் கடைகளில் விரல்ரேகைக் கருவி வந்ததல்லவா? கட்டைவிரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. ஆட்காட்டி விரலை வைத்தார், அதையும் ஏற்கவில்லை.

"வேற விரலை வைங்கய்யா" என்றார் கடைக்காரர்.

"எல்லா விரலும் ஒரே அரத்தைத்தான் புடிச்சுது, தம்பி" என்றார் பெரியவர்.

வரிசையிலே சிரிப்பு. நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு வெட்கப்பட்டேன். உழைத்து உழைத்து ரேகை தேய்ந்தவனைப் பார்த்து, நீ யார் என்று கேட்கிறது கருவி! பிறகு கடைக்காரர் நல்லவராக இருந்ததால் வேறு வழியில் பதிவு செய்து அரிசியைக் கொடுத்துவிட்டார். பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அரிசி எப்படியும் வந்துருது. ஆஸ்பத்திரி அட்டைதான் வர மாட்டேங்குது."

அரிசி ஏன் வந்தது? அட்டை ஏன் வரவில்லை? இதைத்தான் இன்று உன்னிடம் பேச வேண்டும்.

அரிசி கொடுக்கும் கடை, "நீ யார்?" என்று கேட்டது உண்மை. ஆனால், "நீ எவ்வளவு ஏழை?" என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று தமிழ்நாடு முடிவு செய்து பல்லாண்டு ஆகிறது. அது சும்மா வந்த முடிவா? 1967இல் ரூபாய்க்கு மூன்று படி என்று மேடையிலே முழங்கினோம். ஆட்சிக்கு வந்ததும் ஒரு படிதான் அளந்தோம். அதுவும் சென்னையிலும் கோவையிலும். திண்டுக்கல்லுக்கு அந்தப் படி எட்டவில்லை. நிதிச்சுமை தாங்காமல் திட்டமும் நீடிக்கவில்லை. ஒளிப்பானேன்? ஆனால், அரிசி என்பது ஆட்சியின் பொறுப்பு என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது. 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய். 2011இல் ஆட்சி மாறியது, மாற்றார் வந்தனர், அவர்களும் விலையே இல்லை என்றார்கள். கட்சி மாறினாலும் கடை மாறவில்லை!

இடையிலே 1997இல் டில்லியிலிருந்து ஒரு யோசனை வந்தது. மக்களை இரண்டாகப் பிரி. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவனுக்கு ஒரு விலை, மேலே இருப்பவனுக்கு வேறு விலை என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். பணக்காரனுக்கு எதற்கு மலிவு அரிசி? ஆனால் கோட்டை யார் போடுவது? கோட்டுக்கு ஒரு சாண் மேலே நிற்பவன் பணக்காரனா? பல மாநிலங்கள் பிரித்தன; ஏழைகளே பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2016 நவம்பரில் நாம் அதிலே சேர்ந்தபோதும், எல்லோருக்கும் என்ற ஏற்பாட்டை விடவில்லை. அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்பவருக்கு வேறு அட்டை உண்டு. அதை அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார். காரில் வருபவன் வரிசையில் நிற்பதில்லை, தம்பி. அவனை விலக்க ஓர் அதிகாரி தேவையில்லை, வெயிலே போதும்!

இப்போது பெரியவரின் ஆஸ்பத்திரி அட்டைக்கு வருவோம்.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று பெயர் மாறியது. ஐந்து லட்ச ரூபாய் வரை காப்பு என்ற அளவுக்கு அது வளர்ந்தது. எத்தனை இதயங்களை, எத்தனை சிறுநீரகங்களைக் காப்பாற்றிய திட்டம்! குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால், அதன் வாசலிலே ஒரு காவல்காரன் நிற்கிறான். வருமானச் சான்று என்று அவனுக்குப் பெயர். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்றிருந்ததை, பின்னர் 1,20,000 ஆக உயர்த்தினார்கள்.

கணக்குப் போடு. மாதம் 10,000. பெரியவரின் மகன் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லிலே வேலை செய்கிறான். நாள் கூலி 400 ரூபாய், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள். 10,400 வருகிறது! ஆண்டுக்கு 1,24,800. எல்லையை 4,800 ரூபாய் தாண்டிவிட்டான், பணக்காரனாகிவிட்டான்! இரவு ஷிப்டிலே பஞ்சுத்தூசி தின்று இருமுகிறானே, அந்தப் பணக்காரன்தான். அப்பாவின் பூட்டுக் கூலியோ பீஸ் ரேட். இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் இராது. அலிகார் பூட்டு மலிவாக வந்து இறங்கினால் பட்டறையே மூடிக்கிடக்கும். இதற்கு எந்த அதிகாரி எந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவது? எழுதுகிறார்கள், உண்மையை எழுதினால் அட்டை போய்விடும் என்று குறைத்து எழுதுகிறார்கள். ஏழையைப் பொய் சொல்ல வைத்துவிட்டு, பிறகு பொய்யன் என்கிறோம்.

அரசு மருத்துவமனையிலே அட்டை இல்லாதவருக்கும் சிகிச்சை உண்டே என்பாய். உண்டு. 2022 ஜனவரியிலே திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. எதற்கெடுத்தாலும் மதுரைக்கு ஓடிய காலம் கொஞ்சம் மாறியது. ஆனால் அங்கே இல்லாத சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனையின் படியேற வேண்டுமென்றால், அட்டைதானே கைப்பிடி?

கேள்வி கேட்காமல் கொடுக்க முடியாதா? முடியும் என்று நாமே காட்டியிருக்கிறோம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்தது. கொண்டுவந்த பெண் சம்பளச் சீட்டைக் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், சாலை விபத்தில் அடிபட்டவனுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்ற திட்டம் வந்தது. அவன் எந்த ஊர், எந்த மாநிலம், என்ன வருமானம் என்று பார்க்க வேண்டாம் என்றே வகுத்தார்கள். சாலையில் விழுந்தவனிடம் கேட்காத கேள்வியை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டில் விழுந்தவனிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

நம்மவர் கொண்டுவந்தது என்பதற்காக மகளிர் உரிமைத் தொகையை விட்டுவிடப்போகிறேனா? 2023 செப்டம்பர் 15இல் காஞ்சியிலே தொடங்கிய திட்டம். மாதம் ஆயிரம் ரூபாய். உரிமை என்று பெயர் வைத்தோம், நல்ல பெயர்! உரிமைக்கு 2,50,000 ரூபாய் எல்லை. ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சார எல்லை. நன்செய் ஐந்து ஏக்கர் எல்லை. ஒரு கோடியே 63 லட்சம் பேர் மனுக் கொடுத்தார்கள். தொடக்கத்திலே ஒரு கோடியே ஆறு லட்சம் பேருக்குக் கிடைத்தது. மேல்முறையீட்டிலும் முகாம்களிலும் பிறகு பலர் சேர்க்கப்பட்டனர் என்பது உண்மை. முதல் நாள் குறுஞ்செய்தி வராமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாளே ஒருத்தி, அவளிடம் உரிமை என்ற சொல்லைச் சொல்லிப் பார்!

இங்கிலாந்திலே 1931இல் வேலையில்லாதவருக்கு உதவி கொடுப்பதற்கு முன் வீட்டைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதிகாரி வருவார், நாற்காலி எத்தனை, மகன் சம்பாத்தியம் என்ன என்று பார்ப்பார். அந்த அவமானத்தை அந்நாட்டுத் தொழிலாளி மறக்கவில்லை. 1948இல் மருத்துவத்தை எல்லோருக்கும் என்று திறந்துவிட்டபோது, வருமானம் கேட்கும் வழக்கத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அடுப்புக்கு வருகிறேன். இதிலே டில்லியின் கைவண்ணம் பார். 2007இல் தமிழ்நாட்டரசு ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்பும் எரிவாயு இணைப்பும் இலவசமாகத் தந்தது. 2016இல் வந்தது உஜ்வாலா, எரிவாயு இணைப்பு இல்லாதவருக்கு மட்டும். 2020இல் மற்றவர்களுக்கெல்லாம் மானியம் நின்றது. 2022இல் உருளைக்கு 200 ரூபாய், 2023இல் 300 ரூபாய் என்று உஜ்வாலா குடும்பங்களுக்கு மட்டும் அறிவித்தார்கள். 2023 மார்ச்சில் உருளை விலை 1,100 ரூபாயைத் தாண்டியபோது, 2007இல் நம்மிடம் அடுப்பு வாங்கிய ஏழைத் தாய் முழு விலையையும் கொடுத்தாள். முன்னரே அடுப்பு வைத்திருந்தது அவள் செய்த குற்றம்!

மின்சாரக் கதை வேறு மாதிரி. இங்கே நம் கொள்கைக்கே ஓர் இடறல். 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். வருமானம் கேட்கவில்லை, சான்று கேட்கவில்லை. சின்னாளபட்டி நெசவாளிக்கு அப்போது 200 யூனிட். 2023இல் அது 300 ஆயிற்று. நல்லதுதானே? ஆனால் இலவசம் மனிதனுக்கு வரவில்லை, தம்பி, மீட்டருக்கு வந்தது! ஒற்றை அறையில் குடியிருப்பவன் வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டரைப் பார்த்து, அவர் சொன்ன விலைக்கு முதல் யூனிட்டிலிருந்தே பணம் கொடுக்கிறான். நூறு யூனிட் யார் வீட்டுக்குப் போயிற்று? ஆக, கேள்வி கேட்காமல் இருந்தால் மட்டும் போதாது. யார் கையில் போய்ச் சேருகிறது என்று பார்க்கவும் வேண்டும். சொந்த வீட்டுக்காரனுக்குச் சலுகை, வாடகைக்காரனுக்குக் கட்டணம் என்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

ஆகவே கேட்கிறேன், ஆட்சியில் எவர் இருந்தாலும் கேட்கிறேன்: ரேஷன் அட்டையே ஆஸ்பத்திரி அட்டையாகட்டும். அரிசிக்குப் போதுமான சான்று, அறுவைச் சிகிச்சைக்குப் போதாதா? காசு எங்கே என்பார்கள். 1967இலும் அதைத்தான் கேட்டார்கள்.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உன் தெருவிலே எத்தனை வீட்டில் சப் மீட்டர், யூனிட்டுக்கு என்ன விலை, எத்தனை பேருக்கு அட்டை மறுக்கப்பட்டது, எத்தனை விரல் கருவியில் பதியவில்லை என்று ஒரு நோட்டிலே எழுதி வை. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வா. அந்தப் பெரியவரையும் அழைத்து வருகிறேன்.