சக்கரத்தில் எத்தனை குதிரை?

1999-ம் ஆண்டில் அமெரிக்காவில் போர்டு கம்பெனியார் 'மஸ்டாங் கோப்ரா' என்னும் வேக மோட்டாரைப் புது உருவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் எஞ்சினுக்கு 320 குதிரைச் சக்தி என்று விளம்பரம் முழங்கிற்று. முந்தின வருஷத்து வண்டிக்கு 305 தான். பதினைந்து குதிரைகள் கூடுதலாகக் கிடைக்கின்றன என்று நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர்கள், ஓட்டிப் பார்த்ததும் திகைத்தார்கள். புது வண்டி பழைய வண்டியை முந்தவில்லை! சிலர் வண்டியை டைனமாமீட்டர் என்னும் உருளை மேடையில் ஏற்றி அளந்தார்கள். விளம்பரத்தில் இருந்த குதிரைகளில் பல லாயத்திலேயே இல்லையென்று தெரிந்தது. கூக்குரல் எழும்பிற்று. அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கம்பெனியார் விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளையும் திரும்ப வரவழைத்து, எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாய்த் தொகுதியையும் புகைக் குழாயின் பின்பகுதியையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

தனி மனிதன் ஒருவன் பெரிய கம்பெனியோடு வாதாட இந்த உருளை மேடையைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் சாட்சி பொய் சொல்லாமல் இருக்க வேண்டுமே! அங்கேதான் சங்கடம்.

முதலில் குதிரையின் ஜாதியைக் கவனிக்கவேண்டும். ஜேம்ஸ் வாட் நிர்ணயித்த இங்கிலீஷ் குதிரை ஒரு நிமிஷத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி உயரம் தூக்கும். ஜெர்மானியரின் குதிரை ஒரு விநாடியில் 75 கிலோ எடையை ஒரு மீட்டர் தூக்கும். முன்னது சுமார் 746 வாட். பின்னது சுமார் 735. ஆகவே ஜெர்மன் விளம்பரத்தில் 400 என்று கண்டது, அமெரிக்க மேடையில் கணக்குப்படியே 394 தான். இதில் மோசடி ஒன்றுமில்லை. ஜெர்மன் குதிரை கொஞ்சம் இளைத்தது, அவ்வளவே.

அடுத்தபடி, மேடை எதை அளக்கிறது என்பது. குதிரைச் சக்தியை நேரே அளக்கும் கருவி உலகில் இல்லை. ஒரு வகை மேடையில் கனமான இரும்பு உருளை இருக்கும். அதை வண்டிச் சக்கரம் எவ்வளவு சீக்கிரம் வேகப்படுத்துகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுவார்கள். இன்னொரு வகையில் மின்காந்தத் தடையால் உருளையை இழுத்துப் பிடித்து, அந்த இழுப்பை அளப்பார்கள். மூன்றாவது வகையில் சக்கரங்களையே கழற்றிவிட்டு அச்சின் முனையில் கருவியைப் பூட்டுகிறார்கள்; டயர் வழுக்கும் தொல்லை அதில் இல்லை. ஒரே வண்டியை ஒரே நாளில் இம்மூன்றிலும் ஏற்றினால் மூன்று விடை வரும். ஆகையால் ஓர் ஊரில் எடுத்த காகிதத்தை வேறோர் ஊர்க் காகிதத்தோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவது வீண் வேலை.

எல்லாவற்றிலும் பெரிய வம்பு சீதோஷ்ணத் திருத்தம். உஷ்ணமான நாளிலும் மலைப்பிரதேசத்திலும் காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினின் பலம் குறையும். இதைச் சரிக்கட்ட அமெரிக்க மோட்டார் எஞ்சினீயர் சங்கத்தார் 25 டிகிரி உஷ்ணம், 99 கிலோபாஸ்கல் அழுத்தம், ஈரமற்ற காற்று என்று ஒரு நிலையை வகுத்து, அதற்கு ஏற்ப விடையைத் திருத்தச் சொல்லுகிறார்கள். இதைவிடக் குளிர்ந்த காற்றை வைத்துக்கொண்ட பழைய திருத்தம் ஒன்றும் உண்டு. அதைப் பிரயோகித்தால் நூற்றுக்கு நாலு பங்கு வரை விடை கூடிவிடும். வாடிக்கைக்காரரைக் குஷிப்படுத்த விரும்பும் கடைக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் திருத்தம் தானாகவே மூச்சு வாங்கும் எஞ்சினுக்காக ஏற்பட்டது. இப்போதைய வேக மோட்டார்களில் பெரும்பாலானவை டர்போ பூட்டியவை. மெலிந்த காற்றானாலும், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் டர்போவை இன்னும் வேகமாகச் சுழல விட்டு, வேண்டிய அழுத்தத்தைப் பெரும்பாலும் எட்டிவிடுகிறது. கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் இத்தகைய வண்டி சக்கரத்தில் 330 குதிரை காட்டிற்று என்று வைத்துக்கொள்வோம். அவ்வூர்க் காற்றுக்குத் திருத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். பெருக்கினால் 400! பிறவாத எழுபது குதிரைகளுக்கு நற்சாட்சிப் பத்திரம் தயார். ஆகவே டர்போ வண்டிக்காரர் திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்கவேண்டும்.

இனி வண்டியின் கம்ப்யூட்டர் செய்யும் கோளாறு. முன் சக்கரங்கள் அசையாமல் நிற்கப் பின் சக்கரங்கள் மட்டும் அசுர வேகத்தில் சுழல்வதைக் கண்டால், வண்டி சறுக்குகிறதென்று எண்ணி அது எஞ்சினை அடக்கிவிடும். அந்தக் காவலை முன்கூட்டி முறைப்படி விலக்கவேண்டும். சாலையில் வீசும் காற்று கட்டிடத்துக்குள் இல்லை. பெரிய விசிறி வைத்தாலும் போதுவதில்லை. இரண்டு மூன்று ஓட்டத்துக்குள் இன்டர்கூலர் சூடேறிவிட, கம்ப்யூட்டர் பயந்து தீப்பொறியைப் பின்தள்ளும், பலம் குறையும். முதல் ஓட்டத்தின் விடையை மட்டும் காட்டுகிறவரை நம்பாதீர்கள். மூன்று ஓட்டம் ஓட்டி, இடையில் ஆறவிட்டு, உட்செல்லும் காற்றின் உஷ்ணத்தையும் கூடவே குறித்துக்கொண்டால், மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று பார்க்கலாம். கியர், டயரின் காற்று, வண்டியைக் கட்டிய பட்டைகளின் இறுக்கம் இவையும் மாறலாகாது. பட்டையை அதிகமாக இறுக்கினாலே சில குதிரைகள் டயரில் நசுங்கிப் போகும்.

சக்கரத்தில் வந்த எண்ணோடு நூற்றுக்குப் பதினைந்து கூட்டினால் எஞ்சினின் பலம் வந்துவிடும் என்று ஒரு கர்ணபரம்பரைக் கணக்கு வழங்கி வருகிறது. எஞ்சினை மாற்றிப் பலத்தை இரட்டித்துவிட்டால், அதே பல்சக்கரமும் அதே எண்ணெயும் இரண்டு பங்கு பலத்தை விழுங்குமா? நஷ்டத்தில் ஒரு பகுதி பலத்தோடு வளரும்; ஒரு பகுதி வேகத்தைப் பொறுத்தது. சில மேடைகளில் ஓட்டம் முடிந்ததும் கிளச்சை மிதித்து, உருளை தானே ஓய்வதைப் பார்த்து நஷ்டத்தை அளக்கிறார்கள். குருட்டுக் கணக்கைவிட இது எவ்வளவோ மேல்.

இவ்வளவும் கவனித்த பிறகும் சில சமயம் வேடிக்கை நிகழ்கிறது. டொயோட்டாக் கம்பெனியார் 2020 மாடல் 'சுப்ரா' வண்டிக்கு 335 குதிரை என்று அடக்கமாகச் சொன்னார்கள். அது எஞ்சினின் கணக்கு. அமெரிக்கப் பத்திரிகையான 'கார் அண்ட் டிரைவர்' அதை மேடையில் ஏற்றியபோது, பல்சக்கர நஷ்டம் எல்லாம் போகச் சக்கரத்திலேயே 339 குதிரைகள் வந்து நின்றன.