செத்தவன் பாட்டு, சாகாத கணக்கு!

"இந்த வாரம் முதலிடம் யாருக்கு?" இது வாணிகர் கேட்கும் கேள்வி. "முப்பது ஆண்டு கழிந்த பின்னும் எவன் பாட்டு ஒலிக்கிறது?" இது வரலாறு கேட்கும் கேள்வி. முதற் கேள்விக்கு விடையளிக்க ஏழு நாள் போதும். இரண்டாவதற்கு ஒரு தலைமுறை வேண்டும்!

வாணம் விண்ணைப் பிளக்கும், ஊரே அண்ணாந்து பார்க்கும், மறுகணம் கரித்துண்டு. அகல் விளக்கு ஆர்ப்பரிப்பதில்லை. ஆனால் இரவெல்லாம் வீட்டுக்கு ஒளி தருவது எது? அகல் அன்றோ! வாணம் எத்தனை உயரம் போயிற்று என்று அளப்பதற்கே இசை உலகத்தார் நெடுங்காலமாகக் கோல் வைத்திருந்தனர். அகல் எத்தனை நாழிகை எரிந்தது என்று எண்ணும் வழி அண்மையில்தான் வந்தது. வந்ததும் உண்மை ஒன்று வெளிப்பட்டது. அந்த உண்மையின் பெயர் பாப் மார்லி.

1945 பிப்ரவரி 6-ஆம் நாள், ஜமைக்கா நாட்டின் நைன் மைல் என்னும் சிற்றூரில் பிறந்தவன். தந்தை வெள்ளையர், தாய் கருப்பினப் பெண். கிங்ஸ்டன் நகரத்து ட்ரென்ச் டவுன் சேரியிலே வளர்ந்தவன். 'ரெகே' என்னும் தன் நாட்டு இசையை எடுத்துக்கொண்டு உலகின் கதவைத் தட்டினான். கதவு திறந்ததா?

1973-இல் அவனும் அவனது குழுவினரும் 'ஐ ஷாட் த ஷெரிஃப்' என்ற பாடலை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே எரிக் கிளாப்டன் என்ற வெள்ளை இனப் பாடகர் அதே பாடலைப் பாடினார். அமெரிக்கப் பட்டியலில் முதலிடம்! பாட்டு மார்லியின் பாட்டு, பட்டம் மற்றொருவர்க்கு. மார்லியின் தனிப்பாடல் அந்த 100 பாடல்களின் பட்டியலுக்குள் அவன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் நுழைந்தது, 1976-இல். எத்தனையாவது இடம்? 51!

1981 மே 11-ஆம் நாள், 36 வயதில், புற்றுநோய் அவனைக் கொண்டுபோயிற்று. 1984-இல் அவனுடைய பாடல்கள் 14-ஐத் தொகுத்து 'லெஜெண்ட்' என்ற பெயரில் வெளியிட்டனர். பிரிட்டனில் அது 12 வாரம் முதலிடத்தில் வீற்றிருந்தது. அமெரிக்காவிலோ 54-ஆம் இடத்தோடு நின்றது. வாரக் கணக்கு பார்ப்பவன் அன்றே என்ன சொல்லியிருப்பான்? "ஐயா, ஆள் போனார்; ஆட்டம் முடிந்தது; பேரேட்டை மூடுங்கள்!" என்றிருப்பான்.

ஆனால் பேரேடு மூடவில்லை. அமெரிக்காவின் 200 இசைத்தொகுப்புகளின் பட்டியலில் அந்த 'லெஜெண்ட்' இருந்த காலம் 800 வாரங்களைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ 15 ஆண்டுகள்! அதனினும் நெடுங்காலம் அங்கே நின்றது ஒன்றே ஒன்று: 'பிங்க் ஃபிளாய்ட்' குழுவினர் 1973-இல் வெளியிட்ட 'த டார்க் சைட் ஆஃப் த மூன்'. பிரிட்டனின் பட்டியலிலோ மார்லியின் தொகுப்பு 1000 வாரங்களையும் கடந்துவிட்டது. 54-ஆம் இடம் என்று ஒதுக்கப்பட்டதன் கதை இது!

"2014-இல் அமெரிக்காவிலே 5-ஆம் இடத்துக்கு ஏறியதே, அதைச் சொல்லக் கூடாதா?" என்று கேட்பீர்கள். சொல்கிறோம்; ஆனால் அதை வைத்து முரசு கொட்ட மாட்டோம். அந்த வாரம் கூகிள் கடை அத்தொகுப்பை 99 சென்ட் விலைக்குக் கொடுத்தது. கடைக்காரன் விலையைச் சாய்த்தான், கணக்கு நிமிர்ந்தது. உச்சி வாணிகன் தந்தது. ஆனால் அந்த 800 வாரம்? அது எந்தத் தள்ளுபடியும் தர இயலாதது. அது மக்கள் தந்தது.

எண்ணும் முறையின் கதையும் சுவையானது. 1991 வரை அமெரிக்காவில் 'பில்போர்ட்' ஏடு பட்டியல் தயாரித்த விதம் என்ன? கடைகளைக் கேட்பார்கள், கடைக்காரர் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். அவர் எதை விற்றார் என்பதோடு, எதை விற்க விரும்பினார் என்பதும் அதிலே கலந்திருக்கும்! 1991 மே மாதம், உறையின் மீதுள்ள கோட்டுக் குறியைக் கருவி படிக்க, விற்றது விற்றபடி கணக்கில் ஏறலாயிற்று. அடுத்த மாதமே 'என்.டபிள்யு.ஏ.' என்ற கருப்பினக் குழுவின் ராப் தொகுப்பு முதலிடத்தில் நின்றது. ஒரே மாதத்திலா மக்களின் சுவை மாறிவிட்டது? இல்லை, எண்ணுபவன் மாறினான்!

அதே 1991-இல் இன்னொரு விதியும் செய்தனர். பழைய தொகுப்புகளுக்குத் தனிப் பந்தி! புதியவற்றோடு அவை ஒரே வரிசையில் உட்காரக் கூடாதாம். மக்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தனர்; பட்டியல்தான் பார்க்க மறுத்தது. 2009-இல்தான் அந்தத் தடுப்புச் சுவரை இடித்தனர். இடையில் போன 18 ஆண்டுகளையும் சேர்த்து எண்ணியிருந்தால் 800 என்பது எங்கே போய் நின்றிருக்கும்?

2014 டிசம்பரில் இணையவழிக் கேட்பும் கணக்கில் சேர்ந்தது. இசைத்தட்டை விற்றவனுக்கு ஒருமுறைதான் கணக்கு. வாங்கியவன் அதை நெஞ்சில் வைத்துக் கேட்டானா, பரணிலே போட்டானா, யாருக்குத் தெரியும்? கேட்பின் கணக்கோ அந்த இரகசியத்தைச் சொல்லுகிறது. 1500 முறை பாடல் ஒலித்தால் ஒரு தொகுப்பு விற்றதற்குச் சமம் என்றனர். 14 பாடல் கொண்ட 'லெஜெண்ட்' தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை ஏறத்தாழ 107 முறை கேட்டால்தான் ஒரு விற்பனை! அந்தக் கடுமையான உரைகல்லிலும் மார்லியின் பொன் மாற்றுக் குறையவில்லை. இன்றைய இளைஞன், மார்லி மறைந்து பல்லாண்டு கழித்துப் பிறந்தவன், காதிலே கருவியைச் செருகிக்கொண்டு அவனைக் கேட்கிறான். விளம்பரமா அவனை இழுத்தது? விடுதலைக் குரல் இழுத்தது!

ஆனால் எண்களைக் கண்டு ஏமாறவும் வேண்டா. 2018-இல் விதியைத் திருத்தினர். மாதச் சந்தா கட்டுபவன் கேட்டால் 1250 முறை ஒரு தொகுப்பு என்று அப்போது விதித்தனர். விளம்பரத்தைச் சகித்துக்கொண்டு இலவசமாகக் கேட்பவன் என்றால் 3750 முறை என்றனர்! அதாவது, காசு கொடுப்பவனின் ஒரு காது, காசில்லாதவனின் மூன்று காதுக்குச் சமம் என்று வகுத்தனர். வாணிகக் கணக்கு அப்படித்தான் என்பர். வரவுக் கணக்கு என்றே அதற்குப் பெயரிடட்டும், ஆட்சேபணை இல்லை. மக்கள் விருப்பின் கணக்கு என்று பெயரிட்டால் கேட்போம்: ஏழையின் விருப்பம் என்ன, கால் விருப்பமா, அரை விருப்பமா?

மேலும் அமெரிக்கப் பட்டியல் அமெரிக்கக் காதுகளைத்தான் எண்ணுகிறது. கிங்ஸ்டன் சேரியில் கேட்டவன் அதில் இல்லை. 1980-இல் ஜிம்பாப்வே விடுதலை பெற்ற நாளில், அந்த மண்ணுக்கே சென்று மார்லி பாடினானே, அங்கே கூடி நின்று கேட்டவன் அதில் இல்லை. கை மாறிக் கை மாறித் தேய்ந்த கேசட்டுகள் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

இன்னொன்றும் உண்டு, அது நெஞ்சைச் சுடுவது. 'லெஜெண்ட்' தொகுப்பைத் திட்டமிட்டவர் டேவ் ராபின்சன். வெள்ளை இனத்துக் குடும்பங்கள் அஞ்சாமல் வாங்க வேண்டும் என்று காதலையும் களிப்பையும் முன்னிறுத்தினார். 'வார்' அந்த 14-இல் இல்லை, 'ஸ்லேவ் டிரைவர்' இல்லை, 'ஜிம்பாப்வே' இல்லை. புலியைக் காட்டுவதாகச் சொல்லி, நகத்தை வெட்டிவிட்டுக் கூண்டில் நிறுத்தினர்! ஆனாலும் 'கெட் அப், ஸ்டாண்ட் அப்' உள்ளே இருந்தது. 'ரிடெம்ப்ஷன் சாங்' உள்ளே இருந்தது. வாசலிலே இனிப்பைக் கண்டு நுழைந்தவன், உள்ளே நெருப்பைக் கண்டான். கண்டவன் ஓடிவிடவில்லை; அமர்ந்து கேட்டான் என்பதற்கு அந்த 800 வாரமே சான்று.

ஆகவே நாம் சொல்வது இதுதான். எண் நீதிபதி அல்ல, சாட்சி. சாட்சியைக் கூண்டில் ஏற்றுவோம்; குறுக்கு விசாரணையும் செய்வோம். எத்தனாம் இடம் என்று மட்டும் கேட்காதீர். எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். எவரை எண்ணினாய், எவரை விட்டாய் என்று கேளுங்கள். பத்தாண்டுக் கணக்கையும் வாரக் கணக்கின் பக்கத்திலே அச்சிடச் சொல்லுங்கள்.

1976 டிசம்பர் 3-ஆம் நாள், வீடு புகுந்து மார்லியைச் சுட்டனர். இரண்டு நாள் கழித்து, காயத்தோடு மேடை ஏறி மக்கள் முன் பாடினான். குண்டு நிறுத்த முடியாத பாட்டை 51-ஆம் இடமா நிறுத்தும்? 54-ஆம் இடமா நிறுத்தும்?

பட்டியல் போட்டவர்கள் மாறினர், விதிகள் மாறின, இசைத்தட்டு போய்க் கேசட்டு வந்தது, கேசட்டு போய்க் கைப்பேசி வந்தது. சேரியிலே பிறந்த அந்தக் குரல் மட்டும் மாறாமல் ஒலிக்கிறது. எண்ணத் தெரிந்தவர் எண்ணட்டும்!