பிச்சையன்று, பாத்தியதை

கரீபியன் கடலில் ஜமெய்க்கா என்றொரு தீவு உளது. அதன் பரப்பு ஏறக்குறைய 11,000 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை சுமார் 28 லக்ஷம். 1655-ஆம் வருஷத்தில் ஆங்கிலேயர் அதனை ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினர். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டுக் கொணர்ந்து குவித்தனர். அம்மக்களுக்கு 1838 ஆகஸ்டு 1-ந் தேதி பூரண விடுதலை கிடைத்தது. தேசத்துக்குச் சுதந்திரம் 1962 ஆகஸ்டு 6-ந் தேதி கிடைத்தது. இவ்விரண்டு தினங்களையும் அத்தீவினர் ஆண்டுதோறும் கொண்டாடி வருகின்றனர். 2023-ஆம் வருஷத்தில் அவ்விரண்டுக்கும் இடையே, ஆகஸ்டு 2-ந் தேதி, மெல்போர்ன் நகரில், ஜமெய்க்காவின் பெண்மக்கள் பதினொருவர் பிரேஸில் தேசத்துக் குழுவை எதிர்த்துத் தொண்ணூறு நிமிஷம் நின்றனர்; ஒரு கோலும் விடவில்லை. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. பிரேஸில் வீடு திரும்பியது. ஜமெய்க்கா அடுத்த சுற்றுக்குச் சென்றது.

உலகக் கோப்பைப் போட்டி தொடங்கியபோது தரவரிசையில் பிரான்ஸ் 5-வது இடத்திலும், பிரேஸில் 8-வது இடத்திலும், ஜமெய்க்கா 43-வது இடத்திலும் இருந்தன. ஜமெய்க்கா மாதர் பிரான்ஸுடன் கோலின்றிச் சமமாக ஆடினர். பனாமாவை ஆலிஸன் ஸ்வாபி அடித்த ஒரே கோலால் வென்றனர். பிரேஸிலையும் தடுத்து நிறுத்தினர். மூன்று ஆட்டங்களிலும் தம் வலைக்குள் பந்தை அவர்கள் விடவேயில்லை. ஆகஸ்டு 8-ந் தேதி கொலம்பியாவிடம் ஒரு கோலில் தோற்றனர். அத்தோல்வியிலும் அவர்களுக்கு இழிவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், 2019-ல், கரீபியன் தீவுகளிலிருந்து மாதர் உலகக் கோப்பைக்குச் சென்ற முதற்குழு என்ற பெயரை அவர்கள் பெற்றிருந்தனர். ஆனால் அம்முறை மூன்று ஆட்டங்களிலும் தோற்றுப் பன்னிரண்டு கோல்களை வாங்கினர். நான்கு ஆண்டுகளில் இவ்வளவு உயர்ந்த ஒரு குழுவைப் பெற்ற தேசம் அதனை எவ்வாறு நடத்தியது? அதுவே இன்று நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

2010-ஆம் வருஷத்தை ஒட்டி, பணமில்லை என்று காரணங்கூறி, ஜமெய்க்காக் கால்பந்துச் சங்கத்தார் மாதர் குழுவை நிறுத்திவிட்டனர். நெடுங்காலம் ஆட்டமே இல்லாமையால் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தும் அதன் பெயர் நீங்கிற்று. ஆடவர் குழுவோ நிற்கவில்லை. 2014-ல் ஒரு நாள், பாடகர் பாப் மார்லியின் மகளாகிய செடெல்லா மார்லியிடம், அவர் மகன் பள்ளிக்கூடத்தில் தந்த ஒரு துண்டுக் காகிதத்தைக் கொணர்ந்து கொடுத்தான். தேசத்தின் பெண்கள் கால்பந்துக் குழுவுக்குப் பொருளுதவி வேண்டும் என்ற விண்ணப்பம் அது. தேசியக் கொடியைத் தாங்கி ஆட வேண்டிய குழு, பள்ளிப் பிள்ளைகளின் கையில் காகிதம் கொடுத்தனுப்பி யாசிக்கும் நிலைக்கு வந்திருந்தது! அவ்வம்மையார் பொருள் திரட்டினார். தம் தந்தையார் பெயரால் அமைந்த அறநிலையத்தையும் துணைக்கழைத்தார். குழு மீண்டும் எழுந்தது. 2016-ல் மறுபடியும் அதன் ஆட்டம் நின்றது. மறுபடியும் அவர் முயன்றார். பயிற்சியாளர் ஹியூ மென்ஸீஸ் ஊதியமின்றி உழைத்தார். 2018 அக்டோபரில் பனாமாவைப் பெனால்டி உதைகளில் வென்று அக்குழு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

இவ்வளவு நேர்ந்த பின்னரேனும் சங்கத்தார் பாடம் கற்றிருக்க வேண்டாமா? 2023 ஜூன் மாதம், உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருக்கையில், ஆட்டக்காரிகள் பகிரங்கமாக ஒரு கடிதம் வெளியிட்டனர். பிரயாண ஏற்பாடு, தங்குமிடம், பயிற்சி வசதி, உணவு, ஒப்பந்தப்படி தர வேண்டிய ஊதியம் ஆகிய ஒவ்வொன்றிலும் குறை கண்டதாக அதில் எழுதினர். சங்கத்தாரும் குறைகள் உண்டென்பதை ஒருவாறு ஒப்புக்கொண்டனர். அதே சமயத்தில் ஆட்டக்காரி ஒருவரின் தாயார் பொதுமக்களிடம் நிதி திரட்டிக்கொண்டிருந்தார். உலகத்தைத் திகைக்கச் செய்த அந்த மூன்று ஆட்டங்களும் இந்த நிலையில்தான் ஆடப்பட்டன. போட்டி முடிந்து சில வாரங்கள் சென்று, அக்டோபர் மாதத்தில், தமக்குச் சேர வேண்டிய தொகை முழுவதும் வரவில்லை என்று கூறி, அப்பெண்கள் தேசத்துக்காக அடுத்து ஆட வேண்டிய ஆட்டங்களுக்கு வர மறுத்தனர்.

இதன்மேல் எழுந்த ஆக்ஷேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

‘சிறிய தேசம், ஏழைச் சங்கம், இல்லாததை எங்ஙனம் கொடுப்பது?’ என்பது முதலாவது. வறுமை உண்மையே, அதனை நாம் மறுக்கவில்லை. சங்கத்தின் பெட்டி நிரம்பி வழிந்தது என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் வறிய குடும்பத்தில் எல்லோரும் அரை வயிறு உண்பது ஒன்று. மகனுக்குச் சோறிட்டு மகளைப் பட்டினி போடுவது வேறு. மாதர் குழு மண்ணில் புதைந்து கிடந்த ஆண்டுகளில் ஆடவர் குழு பல தேசங்களுக்கும் சென்று ஆடிற்று. 2015-லும் 2017-லும் தன் பிரதேசத்துத் தங்கக் கோப்பையின் இறுதியாட்டம்வரை சென்றது. அதனை நாம் குறை கூறோம். ஆனால் ‘பணமில்லை’ என்னும் சொல் பெண்களின் வாயிலில் மட்டும் வந்து நின்றதற்குக் காரணம் வறுமையன்று, மனப்பான்மையே.

‘பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஜனங்கள் வாரார், வருமானம் இல்லை’ என்பது இரண்டாவது. இம்மனப்பான்மை ஜமெய்க்காவில் முளைத்ததன்று. முன்னூறு ஆண்டு அதனை ஆண்டவர்களிடமும் இருந்ததே. 1920 டிசம்பர் 26-ந் தேதி, லிவர்பூல் நகரின் குடிஸன் பார்க் மைதானத்தில், தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய ஆட்டத்தைக் காண ஏறக்குறைய 53,000 பேர் திரண்டனர். அது தர்ம கைங்கரியத்துக்காகப் பொருள் திரட்டிய ஆட்டம். மறு வருஷம் டிசம்பர் 5-ந் தேதி ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தார் என்ன செய்தனர்? பெண்களுக்குத் தகாத ஆட்டம் என்றும், தர்மத்துக்குரிய பணம் செலவிலே கரைகிறதென்றும் கூறித் தம் சங்கத்தைச் சேர்ந்த மைதானங்களை அவர்களுக்குக் கொடுக்கலாகாதென்று உத்தரவிட்டனர். அவ்வுத்தரவு ஏறக்குறைய ஐம்பது வருஷம் நின்றது. ஜனங்கள் வாராமையால் கதவு அடைக்கப்பட்டதன்று. ஜனங்கள் வந்த பின்னரே கதவு அடைக்கப்பட்டது. கதவை அடைத்துவிட்டு, ‘உள்ளே ஒருவரும் இல்லையே’ என்று சொல்வது என்ன நியாயம்? சுதந்திர தேசத்தார் பழைய எஜமானர்களின் கொடியை இறக்கினால் மட்டும் போதாது. அவர்கள் விட்டுச் சென்ற இத்தகைய வழக்கங்களையும் இறக்க வேண்டும்.

‘ஊதியத்துக்காகத் தேசத்தின் அழைப்பை மறுப்பது துரோகமன்றோ?’ என்பது மூன்றாவது. இதுவே கேட்போர் மனத்தை எளிதில் மயக்கும் வாதம். தேசபக்தர் என்போரே இதனை அதிகம் சொல்லுகின்றனர். ஆகையால் இதற்குச் சற்று விரிவாகவே விடை கூறுவோம். அக்குழுவுக்காகப் பல கோல்களை அடித்துப் புகழ்பெற்ற கதீஜா ஷா ஜமெய்க்காவின் ஸ்பானிஷ் டவுன் நகரில் பிறந்தவர். 2023-ல் இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் ஸிட்டி குழுவில் ஊதியம் பெற்று ஆடிவந்தவர். வேறு சிலர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிறந்தவர்கள். இவர்களுக்குப் பிழைப்புக்காக ஜமெய்க்காவின் சட்டையை அணிய வேண்டிய அவசியமில்லை, அன்பினாலேயே அணிந்தனர். கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத காலத்தும் ஆடியவர்களைப் பார்த்து, ‘பணத்தாசை’ என்று சொல்வது நாவுக்கு அடாது. மேலும் 2023-ஆம் வருஷப் போட்டியில் ஃபிபா என்னும் உலகச் சம்மேளனம், முதற் சுற்றோடு திரும்புவோர்க்கு ஆளொன்றுக்கு 30,000 டாலர் என்றும், அடுத்த சுற்றுவரை செல்வோர்க்கு 60,000 டாலர் என்றும் வகுத்து அறிவித்தது. ஆனால் அத்தொகை அந்தந்தத் தேசத்துச் சங்கங்களின் வழியாகவே சென்றது. சங்கத்தாரும் தம் பக்கத்து விளக்கத்தைக் கூறியுள்ளனர். எவ்வளவு வந்தது, எவ்வளவு நின்றது என்று இங்கிருந்து தீர்ப்பளிக்க நாம் துணியோம். எனினும் ஒன்று மட்டும் திண்ணம். பிறர் பெயருக்கு வந்த பொருளைக் கையில் வாங்குபவன் தர்மகர்த்தா. அவன் அதற்கு உடையவனல்லன். கணக்கைக் கேட்பவர்மீது குற்றமில்லை. கணக்கைக் கேட்கும்படி வைத்தவர்மீதே குற்றம்.

செடெல்லா மார்லியின் தொண்டு போற்றத்தக்கது. ஆயினும் அத்தொண்டைப் புகழ்ந்து முடித்துவிட்டால் நாம் அறிவிலிகளாவோம். தானம் ஒருவர் மனமிருக்கும்வரை ஓடும். மனம் மாறினால், அல்லது அவர் மறைந்தால், நின்றுபோகும். பாத்தியதையோ எவர் மனத்தையும் எதிர்பாராது. ஒரு தேசத்தின் குழு ஒருவர் தயவில் உயிர்வாழ்வது அவருக்குப் பெருமை, தேசத்துக்குச் சிறுமை. அத்துண்டுக் காகிதம் வேறொரு பிள்ளையின் பையில் இருந்து, வேறொரு தாயார் அதனைக் கிழித்தெறிந்திருந்தால், பிரேஸிலைத் தடுத்த பெண்கள் இன்று யாவர்?

ஆகவே நமது அபிப்பிராயத்தை வெளிப்படையாகக் கூறுகின்றோம். ஆட்டக்காரர்க்குரிய தொகையை ஃபிபா அவரவர் கையிலேயே நேரே சேர்ப்பிக்க வேண்டும். போட்டி தொடங்குமுன் ஒப்பந்தம் எழுத்து மூலமாகக் கையொப்பமாக வேண்டும், வாய்ச்சொல் போதாது. வரவு செலவை வருஷந்தோறும் ஜனங்கள் காணும்படி அச்சிட வேண்டும். சிக்கனம் வேண்டுமாயின் இரு குழுக்களுக்கும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். பள்ளிச் சிறுமியர்க்கு ஆட்டமும் ஆசிரியரும் மைதானமும் ஏற்படுத்த வேண்டும். ஏனெனில் வேரில் நீர் விடாதவன் கனியில் பங்கு கேட்கலாகாது. இவற்றுள் ஒன்றுக்கேனும் பெருஞ்செல்வம் தேவையில்லை, நேர்மை தேவை.

எங்கோ ஒரு தீவின் பந்தாட்டத்தைப் பற்றித் தலையங்கம் எதற்கு என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வெற்றி வந்த தினத்தில் கொடியை அசைக்க ஆயிரம் கைகள் எழும். வெற்றிக்கு முந்திய ஆண்டுகளில் ஒரு வேளைச் சோற்றுக்கு எத்தனை கைகள் நீண்டன என்பதைக் கொண்டே ஒரு தேசத்தின் பக்தியை அளத்தல் வேண்டும். அந்த அளவுகோல் ஜமெய்க்காவுக்கு மட்டும் உரியதன்று.