கொல்லிமலையில் சைக்கிள் சவாரி: ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது உயிரை வாங்கும்!

நாமக்கல்:

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். மூச்சிரைக்க மிதித்து மேலே போவதில் வாலிபர்களுக்கு தனி குஷி. ஆனால் ஆபத்து ஏறுவதில் இல்லை, இறங்குவதில்தான்!

ரிம் பிரேக்கை விடாமல் அழுத்தியபடியே வந்தால் ரிம் கொதிக்கும், டியூப் 'டமார்' ஆகும். வளைவில் அப்படி நடந்தால் பள்ளம்தான். பிரேக்கை விட்டு விட்டு பிடிக்கணும். வளைவுக்கு முன்பே வேகத்தை குறைச்சிடணும்.

அகலம் குறைந்த மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி என்கிறது 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதி. பஸ் திரும்ப முழு வளைவும் வேணும். இறங்கும் சைக்கிள்தான் ஒதுங்கி நிற்கணும்.

ஜாலிக்கு வருபவர்களுக்கு இது சவாலான ரோடு. மலைவாசிகளுக்கோ சந்தைக்கும், ஆஸ்பத்திரிக்கும் போகும் வழி. அதை மறக்கலாமா?